கடை வாசலில் கார் எண்ணுகிறவர்களுக்கு

சைக்கிள் பாதை போடப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தாலே கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "பார்க்கிங் போனா வியாபாரம் என்ன ஆகும்?" பயம் நியாயமானதுதான். கணக்குதான் தப்பு.

பெர்லினில் இரண்டு கடைவீதிகளில் எடுத்து 2021இல் வெளியான ஆய்வு இதைச் சரியாகப் பிடித்தது. வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று வியாபாரிகளைக் கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 22 சதவீதம் என்றார்கள். வந்தவர்களையே கேட்டபோது 7 சதவீதம்கூட இல்லை. அந்தத் தெருக்களில் செலவான பணத்தில் 91 சதவீதம் காரில் வராதவர்களுடையது. இவ்வளவு பெரிய தவறு எப்படி நடக்கிறது? கார் கண்ணில் படுகிறது. இடம் கிடைக்காமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருகிறவர் கல்லாவில் வந்து புலம்புகிறார். சைக்கிளில் வந்தவர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். தானே காரில் வரும் முதலாளிக்கு ஊரே காரில் வருவதாகத் தோன்றுவதும் இயல்புதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பல கடைகளின் வாசலில் காலை முதல் இரவு வரை நகராமல் நிற்பது முதலாளியின் காரும் ஊழியர்களின் வண்டியும்தான். வாடிக்கையாளர் ஒருவர் 20 நிமிடம் நிற்பார் என்று வைத்தால், 8 மணி நேரத்தில் அந்த ஒரு இடத்துக்கு 24 பேர் வந்துபோகலாம். அந்த ஊழியரைச் சைக்கிளில் வரவைக்கப் பூட்டக்கூடிய ஒரு உள்ளிடமும் உடை மாற்ற ஒரு மூலையும் போதும்.

இடத்தின் கணக்கைப் பார்ப்போம். சாலையோரக் கார் நிறுத்தம் ஒன்று சுமார் 5 மீட்டர் நீளம். அதில் 1 மீட்டர் இடைவெளியில் சைக்கிளைப் பூட்டி நிறுத்த 5 கம்பிகள் நட்டால், கம்பிக்கு இரண்டாக 10 சைக்கிள் நிற்கும். மெல்போர்னின் லைகன் தெருவில் 2008இல் இதைப் பணமாகவே கணக்கிட்டார்கள். சைக்கிளில் வந்தவர் மணிக்குச் செலவழித்தது கார்க்காரரைவிடக் குறைவுதான். ஆனால் வண்டி நிற்கும் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று வகுத்தால் சைக்கிள் 5 மடங்கு முன்னால் நின்றது.

இது எல்லாக் கடைக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2012இல் செய்த ஆய்வில், உணவகங்களிலும் சிறுகடைகளிலும் சைக்கிள்காரர்கள் ஒரு தடவைக்குக் குறைவாக வாங்கினாலும் அடிக்கடி வந்ததால் மாத மொத்தத்தில் அதிகம் செலவழித்திருந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் கார்க்காரர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பீரோ, கட்டில் விற்பவருக்கு முதல் நாளே லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதை வந்ததும் விற்பனை பல மடங்கு பாய்ந்தது என்ற கதைகளையும் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். அதே நாட்டின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு தெருவில் கார் நிறுத்தத்தில் சுமார் 30 சதவீதத்தை எடுத்துவிட்டுத் தடுப்புடன் கூடிய பாதை போட்டார்கள். 2015இல் வெளியான கணக்கில் அந்தத் தெருவின் விற்பனை 8.8 சதவீதம் கூடியிருந்தது; நகரம் முழுக்க 7. வித்தியாசம் சின்னதுதான். கடை மூட வேண்டிவரும் என்ற பயத்துக்கு அதுவே போதுமான பதில்.

சரி, கடைக்காரர் என்ன செய்யலாம்? முதலில் ஸ்டாண்டு. முன் சக்கரத்தை மட்டும் கவ்வும் சின்னக் கம்பி வரிசையைத்தான் பெரும்பாலும் வாங்கிப் போடுகிறார்கள், விலை குறைவு என்பதால். அது சைக்கிளைக் கொல்லும். வண்டி சாயும் பாரம் முழுக்க முன் ரிம்மில் விழும்; பக்கத்து வண்டிக்காரர் லேசாக இடித்தாலே ரிம் கோணி, ஸ்போக்ஸ் கம்பி வளைந்துவிடும். ஃபிரேமைப் பூட்ட வழியே இருக்காது. திருடுபவர் அச்சின் நட்டைக் கழற்றி, சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோவார்.

தேவை தலைகீழ் 'ப' மாதிரி வளைத்த ஒரு குழாய், அவ்வளவுதான். தரைக்கு மேல் 75 முதல் 80 செ.மீ. உயரம், 80 செ.மீ. நீளம், 5 செ.மீ. பருமன். ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம், வண்டியும் சாயாது. கால்களை 30 செ.மீ. ஆழம் கான்கிரீட்டில் புதையுங்கள். போல்ட் போட்டு இறுக்குவதென்றால் நட்டைச் சுற்றி வெல்டிங் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஸ்பேனரோடு வருகிறவர் ஸ்டாண்டையே கழற்றிவிடுவார். உருண்டைக் குழாயைச் சின்ன பைப் கட்டரால் சத்தமில்லாமல் அறுக்கலாம், சதுரக் குழாயில் அந்தக் கருவி வேலை செய்யாது. திருட்டுப் பயமுள்ள இடத்தில் சதுரம் நல்லது.

சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர். ஆகவே ஸ்டாண்டின் இரு பக்கமும் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து 60 செ.மீ. விடாமல் நட்டால் சக்கரம் சுவரில் முட்டி, ஆட்கள் வண்டியைக் குறுக்கே சாத்திவிட்டுப் போவார்கள். 2 வண்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நிற்கும். நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் 1.8 மீட்டராவது பாதை விடுங்கள். கல்லாவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஸ்டாண்டு இருக்கட்டும். கட்டடத்தின் பின்னால், குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்த ஸ்டாண்டு காலியாகத்தான் கிடக்கும். அதைக் காட்டி "சைக்கிளில் யாரும் வரலையே" என்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது பை. மெல்லிய பையை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரைப் பாருங்கள். திருப்பத்தில் பை ஊஞ்சல் ஆடி முன் ஸ்போக்ஸுக்குள் போகும். ஃபோர்க்கில் சிக்கிச் சக்கரம் நின்றுவிடும். ஆள் ஹேண்டிலுக்கு மேலே பறப்பார். தோளில் மாட்டும் பையும், கேரியரில் கட்ட நாலு எலாஸ்டிக் கயிறும் கல்லா பக்கத்தில் இருக்கட்டும். கனமான சாமானை வீட்டுக்கே அனுப்பிவைக்கும் வசதி இருந்தால், சைக்கிளில் வருபவர் எடைக்குப் பயந்து வாங்காமல் போகமாட்டார்.

காற்றடிக்கும் பம்ப் வைப்பது நல்ல விளம்பரம், பராமரித்தால் மட்டும். கார் டியூபில் இருக்கும் ஷ்ரேடர், மெல்லிய பிரெஸ்டா, பழைய டன்லப் என வால்வு மூன்று வகை. மூன்றுக்கும் பொருந்தும் முனை வேண்டும். முதலில் கெடுவது முனைக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். உபரியாக இரண்டு வாங்கி வையுங்கள். காற்று ஏறாத பம்ப், இருக்கிற காற்றையும் இறக்கிவிட்டு ஆளைத் தள்ளிக்கொண்டு போகவைக்கும். பம்ப் இல்லாத கடையைவிட அது மோசம்.

பாதையைப் பற்றி உள்ளாட்சி அமைப்பிடம் பேசும்போது கடைக்காரர்கள் சேர்ந்து போய் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேட்க வேண்டும். ஒன்று, சரக்கு இறக்கத் தனி இடம். அது இல்லாவிட்டால் சரக்கு வண்டி சைக்கிள் பாதையில்தான் நிற்கும், சைக்கிள்காரர் கார்களுக்கு நடுவே ஒதுங்குவார், ஒரு மாதத்தில் பாதையே செத்துப்போகும். தடுப்பில்லாமல் வெறும் பெயிண்ட் கோடு மட்டும் போட்ட பாதைக்கு இந்த வியாதி கட்டாயம் வரும். இரண்டு, வேலை நடக்கும் மாதங்கள். உண்மையான நஷ்டம் பெரும்பாலும் அப்போதுதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் தோண்டுவது, கடை வாசலை மறிக்காமல் இருப்பது, முடியும் தேதி, மூன்றையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உங்கள் கடைக்குப் பொருந்துமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். பில் போடும்போது "எதில வந்தீங்க? மாசத்துக்கு எத்தனை தடவை வருவீங்க?" என்று கேட்டு, பில் தொகையோடு குறித்துக்கொள்ளுங்கள். 200 பில் சேரட்டும். தெரிந்த முகங்களை மட்டும் கேட்காதீர்கள், மாலைக் கூட்டத்தை மட்டும் எண்ணாதீர்கள். பில் தொகையை வரும் தடவைகளால் பெருக்கிப் பாருங்கள். எண்ணத் தொடங்கும் முன், எத்தனை சதவீதம் பேர் காரில் வருகிறார்கள் என்ற உங்கள் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதி, மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஏழாவது நாள் இரவு பிரிக்கலாம்.