கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதுமா?

"ஸ்ப்ளிட் ஏசியை நாமே மாட்டலாம். வேக்கம் பம்ப் வேண்டாம், வால்வைத் திறந்து கொஞ்சம் கேஸை விட்டால் குழாயில் இருக்கும் காற்று ஓடிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

காற்று ஓரளவு போகலாம். செம்புக் குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. அது கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரைக் கெடுக்கும். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப், குழாயின் உள்ளே அழுத்தத்தை இறக்கினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். அப்புறம், இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் இருப்பது ஆர்32, தீப்பற்றக்கூடிய கேஸ். அதை மூடிய பால்கனியில் திறந்துவிடுவதா?

கேஸின் பெயர் வெளி யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். பெட்டியோடு வந்த இன்ஸ்டலேஷன் கையேட்டில் வேக்கம் பகுதியையும் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.