தெரிந்த ஆண் நபர் ஒருவர்

போன வாரம் ஒரு செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், மனைவியை அடிக்கிற ஆளைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, நாம் நோயாளியைக் கவனிப்போம் என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெண்ணின் முகம்தான் கண் முன்னால் நின்றது. அரசு மருத்துவமனைகளில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில்தான். அடித்தவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்களை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதையாவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதுகிறேன். அவளோ அவளுடைய தோழிகளோ படித்தால் நல்லது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஏ.ஆர். என்று ஒரு பதிவேடு உண்டு. விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் எதுவானாலும் முதலில் ஏ.ஆர். போட வேண்டும். அங்கிருந்துதான் மருத்துவமனையின் புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். கணவனிடம் அடிவாங்கிய பெண் வந்தால் அதில் ஆங்கிலத்தில் எழுதப்படும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இரவு சுமார் ஒன்பது மணிக்குத் தன் வீட்டில் தெரிந்த ஆண் நபர் ஒருவர் கைகளால் தாக்கியதாகச் சொல்கிறார்.' தாலி கட்டியவர் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருப்பார். ஏட்டில் அவர் தெரிந்த ஆண் நபர். யாருக்குத் தெரிந்தவர்? பணியில் இருக்கும் எங்களில் ஒருவரும் அவரைத் தெரிந்துகொள்ள முயன்றதில்லை.

ஒருவரைச் சொல்கிறேன். உதடு கிழிந்து, ஒரு கண் முழுவதும் வீங்கிய நிலையில் மனைவியை அவரே ஆட்டோவில் அழைத்துவந்தார். கையில் ஃப்ளாஸ்க், தோளில் துண்டு. அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படுக்க வைத்தார். டாக்டர் அவளிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். "பாத்ரூமில் வழுக்கிவிட்டது டாக்டர், பாசி பிடித்த தரை." தையல் போடும்போது அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். எங்கள் ஆயாம்மா வெளியே வந்து, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விடியற்காலை அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இன்று டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் அவர் டீயோடு வந்துவிட்டார், எனக்கும் சேர்த்து.

அந்த டீயை நான் குடித்தேன்.

இப்படிப்பட்ட ஆண்கள் மருத்துவமனைக்கு வரும்போது அவர்களை வைத்துப் பார்க்க எங்களிடம் தயாராக இரண்டு மூன்று சட்டகங்கள் இருந்தன. முதலாவது குடி. "குடித்தால்தான் இப்படி சிஸ்டர், மற்ற நேரத்தில் தங்கமானவர்" என்று மனைவியே சொல்வாள். டாக்டரும் சொல்வார், காவலரும் சொல்வார், மகளிர் காவல் நிலையத்தில் ஆலோசனை சொல்பவரும் சொல்வார். குடிக்கும் அடிக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவிகளில் 100க்கு 70 பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில், குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவிகளில் அது 23 பேர். முதல் எண்ணைத்தான் எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். சொட்டுக்கூடக் குடிக்காத ஆண்களின் வீடுகளிலும் நாலில் ஒரு பெண்ணுக்கு நெருக்கமாக அடி விழுகிறது. அவர்களுக்கு நாம் என்ன காரணம் வைத்திருக்கிறோம்?

குடித்தவர்களிடமே நான் கண்ட ஒன்று உண்டு. வாய் குழறி, மனைவியைக் கேட்கக் கூடாத சொற்களால் ஏசிக்கொண்டே உள்ளே வருவார். எங்களையும் அதட்டுவார். புறக்காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் லத்தியோடு வாசலில் வந்து நின்றதும் குரல் இறங்கிவிடும். "ஐயா, ஒன்றுமில்லை ஐயா." கால் தள்ளாடுவது அப்படியே இருக்கும், குரல் மட்டும் இறங்கும். யாரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று அந்தப் போதையிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. காயங்களையும் சேர்த்துப் பாருங்கள். முதுகு, தொடை, மேல்கை, முடிக்குள் மறையும் மண்டை. சேலையும் ரவிக்கையும் மூடிவிடும் இடங்களில்தான் பழைய காயங்களை அதிகம் பார்த்திருக்கிறேன். தன்னை மறந்து அடிப்பவருக்கு அந்த இடங்கள் எப்படித் தெரியும்?

நான் மதிக்கும் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். போதை மீட்புப் பிரிவில் சேர்பவர்களிடம் வழக்கமாக ஈரல், கைநடுக்கம், தூக்கம் இவற்றைத்தான் கேட்பார்கள். இவர் மனைவியைத் தனியாக அழைத்து ஒருமுறை பேசிவிட்டு, அவள் ஒப்புக்கொண்டால் மட்டும், ஒரு வாரம் கழித்து அந்த ஆளிடம் கேட்பார்: "குடித்துவிட்டு உங்கள் மேஸ்திரியை எத்தனை முறை அடித்திருக்கிறீர்கள்?" அந்த அறையில் நான் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். பதில் வராது. சிலர் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரை அடித்தால் மறுநாள் வேலை இருக்காது சார்" என்றார். சிகிச்சை அங்கேதான் தொடங்கியது என்று அந்த மருத்துவர் பின்னால் சொன்னார்.

இரண்டாவது சட்டகம் மிருகம். 2019இல் பொள்ளாச்சி பாலியல் கொடுமை வெளியே வந்தபோது எங்கள் டூட்டி அறை கொதித்தது. தூக்கில் போட வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தபோது நான் அழுதேன். அந்தக் கோபத்தில் ஒரு துளிகூடத் தவறில்லை. ஆனால் 2019இன் அந்த நாட்களில், அதே கோபத்தோடு அறையை விட்டு வெளியே வந்து, ஆறாம் எண் கட்டிலில் விலா எலும்பு முறிந்து படுத்திருந்த பெண்ணிடம், "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று சொன்னதும் நாங்கள்தான். அவர்கள் மிருகங்கள் என்று முடிவு செய்துவிட்டதால், ஃப்ளாஸ்க்கோடு நிற்கும் ஆள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது நான் மேலே சொன்ன கணக்கெடுப்பு. அத்தனை மிருகங்கள் எந்தக் காட்டிலிருந்து வந்தன? நம் தெருவிலிருந்து வந்தார்கள். மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர்களிலிருந்தும் வந்தார்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. எங்களோடு இருந்த ஒரு சிஸ்டரை, இரவு டூட்டியோ பகல் டூட்டியோ, கணவர் பைக்கில் கொண்டுவந்து விடுவார். முடியும் நேரத்துக்குக் கால் மணி முன்பே வாசலில் நிற்பார். மாதத்தின் முதல் நாள் வந்து டூட்டி லிஸ்ட்டைத் தன் கையால் எழுதிக்கொண்டு போவார். என்ன அக்கறை என்று நாங்கள் பொறாமைப்பட்டோம். அக்னி நட்சத்திர வெயிலில் அவள் முழங்கை தாண்டிய ரவிக்கை அணிந்து வந்ததை மூன்று கோடைகளாகப் பார்த்திருக்கிறோம். ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாங்கள் அத்தனை பேரும் காயம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அந்த மனிதர் டீகூடக் குடிக்காதவர்.

மூன்றாவதை எழுதவே கூசுகிறது. "அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்." இதற்கு ஓர் எளிய பதிலைச் சட்டமே வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006இல் விதிகள் வந்தன. நீதிமன்றம் ஆலோசனைக்கு அனுப்பினால் அது எப்படி நடக்க வேண்டும் என்று அவற்றில் ஒரு விதி சொல்கிறது. அடித்தவர் தன் செயலுக்கு நியாயம் கற்பிக்க ஆலோசனையில் இடமில்லை. இதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். எவ்வளவு தெளிவான விதி! 'அவள் அப்படிப் பேசினாள், அதனால்தான்' என்ற வாக்கியத்துக்குக் கதவே மூடப்பட்டிருக்கிறது. காவல் நிலையத்து மனு விசாரணை வேறு வழியில் நடப்பது, இந்த விதி அதைக் கட்டுப்படுத்தாது என்பதும் தெரியும். ஆனால் அந்த விதியின் மனம் அங்கே கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது எத்தனை நம்பிக்கை இருந்தது. நான் துணைக்குப் போன விசாரணைகளில் முதல் அரை மணி நேரமும் கணவர் தன் நியாயத்தைத்தான் சொன்னார். பிறகு இருவரும் அனுசரித்துப் போகச் சொல்வார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, சேர்த்து வைத்து அனுப்புவார்கள். சேர்த்து வைத்த எண்ணிக்கை வெற்றியாகக் கணக்கில் ஏறும். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவும் அடித்தாரா என்று ஆறு மாதம் கழித்து ஒருவராவது கேட்டதை நான் பார்த்ததில்லை.

கோபப்பட்டுக் கேட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பணிக்கு வந்த ஏழாம் ஆண்டு. காது சவ்வு கிழிந்து வந்த பெண். கணவரை வார்டின் நடுவில் நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். அவர் தலைகுனிந்து நின்றார். மற்ற நோயாளிகள் என்னைப் பாராட்டினார்கள். பன்னிரண்டு நாட்களில் அவள் கை முறிந்து திரும்பி வந்தாள். "நீங்கள் திட்டினீர்களே சிஸ்டர், அதற்கு" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னாள். என் நியாயமான கோபத்துக்கு அவள் எலும்பு விலையானது. அவர் வீட்டுக்குப் போய் யாரிடம் கணக்குத் தீர்ப்பார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் அன்று வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவளைத் தனியாகப் பார்த்திருப்பேன். கணவர் அருகில் இருக்கும்போது இதைப் பற்றி அவளிடம் கேட்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்கு அதை அந்தப் பெண் முன்பே கற்றுக்கொடுத்துவிட்டாள்.

அப்படியானால் அடிப்பவரிடம் பேசுவதே வீணா என்று கேட்பீர்கள். அந்த மனநல மருத்துவரின் அறையில் நின்றவள் என்பதால் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1991இல் மும்பையில் ஒரு பத்திரிகையாளர், மனைவியை அடிப்பது தவறு என்று நம்பும் ஆண்கள் தொடர்புகொள்ளவும் என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் பதில் எழுதினார்கள். அதிலிருந்து 1993இல் 'மாவா' என்ற ஆண்களின் அமைப்பே உருவானது. ஆண்களோடு பேச ஆண்களே முன்வருவார்கள் என்பதற்கு இது போதும். நம் மாவட்டங்களில் அடித்தவரைத் தொடர்ந்து சந்தித்து, அவர் மனைவியிடம் தனியே நிலைமையைக் கேட்டறிந்து, மாதக்கணக்கில் பின்தொடர ஓர் ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. பெண்களுக்கு உதவும் சகி மையம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். எல்லாம் அவளுக்கு. ஓடவும் ஒளியவும் மாத்திரை விழுங்கவும் மனு எழுதவும் அவள்தான். அவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விடுகிறார்.

அவரை மிருகமென்று தள்ளினால் அவரிடம் எதையும் கேட்க முடியாது. நோயாளியென்று பார்த்தால் கேட்கத் தோன்றாது. யாரை அடிப்பது, எங்கே அடிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் தெரிந்தே செய்கிற சாதாரண மனிதராகப் பார்த்தால்தான் நிறுத்து என்று சொல்ல முடிகிறது. இருபத்தாறு ஆண்டுகளில் நான் கற்றது இவ்வளவுதான். மிகவும் தாமதமாகக் கற்றேன்.

பணி ஓய்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளம் டாக்டர், பயிற்சி முடித்து வந்த புதிது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்த ஒரு பெண். பக்கத்தில் அதே போன்ற அன்பான கணவர், அதே பாத்ரூம் கதை. டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்ரே சீட்டு எழுதி, "சார், இதைக் கீழே பதிவு செய்துகொண்டு வாருங்கள், அம்மா இங்கேயே இருக்கட்டும்" என்று அனுப்பினார். இரவில் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரையை இழுத்துவிட்டு ஸ்டூலை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருபது நிமிடங்கள் கிடைத்தன. அவள் பேசினாள். பிறகு ஏ.ஆர். எழுதும்போது தெரிந்த ஆண் நபர் என்று தொடங்கி, நிறுத்தி, அவளிடம் திரும்பி, "கணவர் என்று நீங்கள் சொன்னதாக எழுதட்டுமா அம்மா?" என்று கேட்டார். அவள் வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "எழுதுங்கள்" என்றாள்.