பகை பழையது என்றால் வெள்ளைத் துணி எதற்கு?

"யுகோஸ்லாவியாவா? ஆயிரம் வருஷமா அடிச்சுக்கிட்டவங்க. டிட்டோ அடக்கி வெச்சிருந்தார், அவர் போனதும் வெடிச்சிடுச்சு." போன வாரம் நண்பர் ஒருவர் சொன்னார். நிறைய வாசிக்கிறவர். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மனசு கேட்காமல் இங்கே எழுதுகிறேன்.

செர்பியா, குரோஷியா, போஸ்னியா எல்லாம் சேர்ந்த நாடாக இருந்த யுகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ இறந்தது 1980 மே. போர் மூண்டது 1991 ஜூன். நடுவில் பதினோரு வருடம். வெளிநாட்டுக் கடன் நாட்டை அழுத்தியது, விலைவாசி எகிறியது, கட்சியை நம்ப ஆளில்லாமல் போனது. பதவி ஆட்டம் கண்ட தலைவர்கள் இனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். செர்பியத் தலைவர் மிலோசெவிச் ஒருகாலத்தில் வங்கி நிர்வாகி, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1987இல் செர்பியாவின் தன்னாட்சி மாகாணமான கொசோவோவில் இருந்த செர்பியர்களிடம் போய்ப் பேசியதில் அவருக்குப் புது அரசியல் கிடைத்தது. 1989இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். குரோஷியாவில் துஜ்மான் ஆட்சிக்கு வந்து, 1990 அரசியலமைப்பில் அங்கிருந்த செர்பியர்களைச் சிறுபான்மையாக இறக்கினார். இதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள்.

பிரியெதோர் என்று ஓர் ஊர். போஸ்னியாவின் வடமேற்கில், இரும்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில். 1991 கணக்கெடுப்பின்படி அந்த வட்டாரத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 44, செர்பியர்கள் 42. பேசுவது ஒரே மொழி. பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம். 1992 ஏப்ரல் 30 அன்று ராத்திரியோடு ராத்திரியாக செர்பியக் கட்சி நகர நிர்வாகத்தைக் கைப்பற்றியது. அடுத்து வானொலி மற்ற இனத்தவருக்கு எதிரான பிரச்சாரத்தைத் தொடங்கியது. முஸ்லிம்களும் குரோஷியர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மே 31ஆம் தேதி ஓர் அறிவிப்பு: செர்பியர் அல்லாதவர்கள் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும்.

அதற்குள்ளேயே முகாம்கள் தயார். ஓமர்ஸ்கா முகாம் இருந்தது அந்தச் சுரங்க வளாகத்தில். கெரதெர்ம் ஒரு பீங்கான் தொழிற்சாலை. த்ர்னோபோல்யேவில் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே ஆட்களை அடைத்தார்கள். காவலுக்கு நின்ற பலரைக் கைதிகளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். இந்தப் போர்க்குற்றங்களுக்காக ஐ.நா. அமைத்த ஹேக் தீர்ப்பாயம் முதன்முதலாக விசாரித்த துஷ்கோ தாதிச், பக்கத்து கோசாரட்ஸில் காப்பிக்கடை வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

என் நண்பரிடம் கேட்க வேண்டியது இதுதான்: அவ்வளவு பழைய பகை என்றால், எது யார் வீடு என்று அடையாளம் காட்ட வெள்ளைத் துணி எதற்கு? 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்களே, அதே கைவரிசை. ஆத்திரத்தில் ஓடிவரும் கூட்டம் பட்டியல் எடுத்து வராது. அதை ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"ஆதிகாலப் பகை" என்ற பேச்சு வெளிநாட்டு அரசுகளுக்கும் வசதியாக இருந்தது. யாரும் தீர்க்க முடியாத சண்டையென்றால் யாரும் தலையிட வேண்டியதில்லை அல்லவா? 1991 செப்டம்பரில் ஐ.நா. விதித்த ஆயுதத் தடை பெயருக்கு எல்லோருக்கும் பொது. ஆனால் யுகோஸ்லாவிய ராணுவத்தின் பீரங்கிகள் ஏற்கெனவே செர்பியத் தரப்பின் கையில் இருந்தன. போஸ்னியத் தலைநகர் சரயேவோ 1,425 நாள் முற்றுகையில் கிடந்தது. 1995 ஜூலையில், ஐ.நா.வே பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் செர்பியப் படையால் கொல்லப்பட்டார்கள்.

ஒரு தரப்பை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் பழைய பாலத்தை 1993இல் இடித்தது போஸ்னிய குரோஷியப் படை. 1995 ஆகஸ்டில் குரோஷிய ராணுவம் தாக்கியதும், குரோஷியாவின் கிராயினா பகுதியிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் டிராக்டரிலும் காரிலும் குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். அவர்களும் வீடு இழந்தவர்கள்தான். ஆனால் எல்லாத் துயரத்தையும் ஒரே தராசில் போட்டு "எல்லாருமே தப்பு" என்று முடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

1991இல் போஸ்னியாவில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இனம் என்ற இடத்தில் "யுகோஸ்லாவியர்" என்று எழுதினார்கள். கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பலர். 1995இல் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் தந்த அரசியலமைப்பில் அவர்களுக்குப் பெயரில்லை. "மற்றவர்கள்", அவ்வளவுதான். அதிபர் குழுவில் ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு செர்பியர், ஒரு குரோஷியர் மட்டுமே இருக்கலாம். யூதரும் ரோமா இனத்தவரும் போட்டியிட முடியாதது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இலேயே தீர்ப்பளித்தது.

பிரியெதோருக்குப் பக்கத்தில் தொமாஷிட்சா என்ற இடத்தில் 2013இல் ஒரு பெரும் புதைகுழியைக் கண்டுபிடித்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள். இருபத்தொரு வருடம் அது அங்கேயே இருந்தது. குழி வெட்ட இயந்திரம் ஓட்டியவர்கள் இருந்திருப்பார்கள். லாரியில் ஏற்றி வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அத்தனை வருடமும் அந்த வழியாகத்தானே வேலைக்குப் போய் வந்திருப்பார்கள்?

இன்றும் மே 31 அன்று மக்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு பிரியெதோர் தெருவில் நடக்கிறார்கள். அந்த ஊரில் கொல்லப்பட்ட பிள்ளைகள் 102 பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரோஜா, அதோடு அந்தப் பிள்ளையின் பெயர். தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று பெற்றோர்கள் நகராட்சியிடம் பல வருடங்களாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.