ஏழு கறி இலையில் அந்தப் பாட்டிலுக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை விருந்து வீடியோவை இங்கே மொரீஷியஸில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். வாழையிலையில் நம் விருந்துச் சாப்பாடான ஏழு கறி, முன்னால் சில பையன்கள். பலாக்காய், பூசணி, ரசோன் (நம் ரசம்) எதையும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றின் மேலும் பாட்டில் சாஸைக் கவிழ்த்துவிட்டு, "இப்பதான் உறைக்குது" என்று ஒரு சிரிப்பு. கீழே கமெண்டில் நம் ஆட்களே, "காரம் காரம்தானே, எதில் வந்தால் என்ன?" என்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

காரம் கடைசியில் ஊற்றுவது இல்லை. சமைக்கும்போதே உள்ளே ஏற்றுவது.

மிளகாயில் உறைப்பைத் தருவது கேப்சைசின். அது ஊறுவது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். தண்ணீரில் அது கரைவது மிகக் குறைவு, எண்ணெயில் நன்றாகக் கரையும். வரமிளகாயைத் தாளிப்பில் போடுவது அதற்காகத்தான். கடுகு பொரிந்து, மிளகாய் உப்பி அடர் சிவப்பாகும் நொடியில் காயைக் கொட்டிவிட வேண்டும். கறுத்துவிட்டால் கறி முழுக்கக் கசக்கும். அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிப்பதுதான் ஒரே வழி. பச்சைமிளகாயைக் கீறிப் போட்டால் மணம் முன்னே வரும், உறைப்பு அடங்கி நிற்கும். அரைத்துப் போட்டால் சவ்வு நசுங்கி உறைப்பு முழுவதும் இறங்கும். ஒவ்வொரு கறிக்கும் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள். அதன் மேல் வினிகர் சாஸை ஊற்றினால் ஏழும் ஒரே புளிப்பு. தேங்காய்ப்பால் விட்ட கறி திரிந்தே போகலாம்.

"அப்படியென்றால் நம் மிளகாய் விழுது மசவரூ மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். மசவரூ இலை ஓரத்தில் வைக்கிற ஒரு விரல்நுனி. கறி மேல் கவிழ்க்கிறதில்லை. செய்கிற விதமும் வேறு. பழுத்த சிவப்பு மிளகாய் (வரமிளகாய் இல்லை) 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். காம்போடு கழுவித் துடைத்த பிறகே காம்பைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் தண்ணீர் உள்ளே போய்விடும். பூண்டு 6 பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, உப்பு 2 தேக்கரண்டி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். ரோஸ் கரியில் (அம்மிக்கல்லில்) அரைத்தால் இன்னும் நல்லது. மிக்ஸியில் மையாக ஓட்டினால் கூழாகிவிடும். அரை கப் எண்ணெயில், சிறு தீயில், ஈரம் வற்றி எண்ணெய் ஓரம் கக்கும்வரை கிளறுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் நெடியில் நிற்க முடியாது. இறக்கி ஆறியதும் ஒரு எலுமிச்சைச் சாறு. இதைக் கட்டாயம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு வெளியே கிடந்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நச்சைத் தரும் கிருமி வளரலாம். வாசனையில் அது தெரியாது.

"மிளகாயே வெளியிலிருந்து வந்ததுதானே?" ஆமாம், அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்? அதைத் தாளிப்பிலும் மசாலாவிலும் பழக்கி எடுத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

"வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே?" நியாயமான கேள்வி. ராத்திரி அவசரத்துக்கு மின் ஃப்ரீ (வறுத்த நூடுல்ஸ்) செய்தால் தாராளமாகப் பாட்டிலை ஊற்றுங்கள், யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அந்த விருந்தில் அவசரம் என்ன இருந்தது? இருட்டோடு எழுந்து, பெரிய டேக் (அண்டா) பக்கத்தில் புகையில் கண் எரிய நின்ற அக்காமார்கள் அந்த வீடியோவில் பின்னாலேயே நிற்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் ஒருவர் கரண்டியைக் கீழே வைக்கிறார். அதை ஒருவரும் கவனிக்கவில்லையா? ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு குறைவு, உறைப்பு போதவில்லை" என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கேட்டிருப்பார்கள். சாப்பிடாமலேயே கவிழ்த்தீர்களே.

உறைப்பு அதிகம் வேண்டுமென்றால் பச்சைமிளகாயைக் கடித்துக்கொள்ளுங்கள், மசவரூ கேளுங்கள், கொடுப்பார்கள். அடுத்த காவடிச் சமையலுக்கு அந்தப் பையன்களும் வரட்டும். மிளகாய்க்குக் காம்பு கிள்ள ஆள் போதவில்லை. கையுறை நான் கொண்டுவருகிறேன்.