ரத்தம் கொடுத்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

உங்கள் கட்டுரையில் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களைப் பற்றி, பேராசிரியர், கருவி, வெளியான ஆய்வுக்கட்டுரைகள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் ஆய்வுக்காக ரத்தம் கொடுக்கிற நோயாளி அதில் எங்கேயும் இல்லை.

டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் இங்குள்ள முனிர்கா பகுதியிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா ஒப்புதல் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தார். இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். “இது என் சர்க்கரைக்கு இல்லையா தம்பி?” என்றார். “இல்லைம்மா, ஆராய்ச்சிக்கு. வேண்டாம்னாலும் உங்க வைத்தியம் நிக்காது” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நாளைக்கு வேற யாருக்காவது ஆகும்ல, எடுத்துக்கோ” என்று கையை நீட்டினார். அவர் ரத்தம் இருந்த ஊதா மூடிக் குழாயை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்கும்போது கூடுதல் கவனமாகவே வைத்தேன்.

1950களில் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் சகாக்களும் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பால் கழுத்துக் கழலை குறையும் என்று இந்தியாவில் காட்டியது. அந்த உப்பைப் போட்டுச் சமைத்து ஆய்வில் பங்கேற்றவர்கள் கிராமத்து மக்கள்.

பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறையும் சொல்கிறது. டெல்லியில் மூன்று மொழியும் தெரிந்த தமிழர்கள் நிறைய இருக்கிறோம். படிவங்களைத் தமிழில் கொண்டுவர யாராவது கேட்டால், சனிக்கிழமைகளில் நான் வரத் தயார்.