சார்லி வாட்ஸின் கை எங்கே?

மார்ட்டின் ஸ்கார்செஸி எனக்கு ரொம்பப் பிடித்த இயக்குநர். அதனால்தான் 2008-ல் வந்த அவருடைய 'ஷைன் எ லைட்' ஆவணப்படத்தின் மேல் இவ்வளவு ஆதங்கம். இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 2006-ல் நியூயார்க் பீக்கன் தியேட்டரில் நடத்திய கச்சேரியின் பதிவு. ராபர்ட் ரிச்சர்ட்சன், ஜான் டோல் என்று ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர்களாகச் சேர்த்திருக்கிறார். ஒலிப்பதிவும் அருமை. அப்படியும் ஒரு கச்சேரி கேட்டு எழுந்த நிறைவு எனக்குக் கிடைக்கவில்லை.

கேமரா எங்கேயும் நிற்கவே மாட்டேன் என்கிறது. பாடகர் மிக் ஜாகர் மேடை முழுக்க ஓடுகிறார், கேமராவும் கூடவே ஓடுகிறது. கீத் ரிச்சர்ட்ஸ் கிதாரில் ஒன்றைத் தொடங்கினால் அது முடிவதற்குள் மறுபடி ஜாகர் முகம். டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸுக்கு அப்போது வயது 65. அவர் வாசிப்பில் ஒரு விசேஷம் உண்டு. இடது கை ஸ்னேர் டிரம்மில் விழும்போது, ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வலது கையைச் சட்டென்று தூக்கிவிடுவார். அந்த ஒரு அடியை அங்கே விட்டுவிடுவார். அந்தக் குழுவின் தாளத்துக்கே ஒரு தனி நடை வருவது அதனால்தான். அதை ஒரு நிமிஷம் நிம்மதியாகப் பார்க்க விட்டால் என்ன குறைந்துபோகும்? ஒரு பாட்டு முடிந்ததும் வாட்ஸ் கேமரா பக்கம் திரும்பி 'உஃப்' என்று மூச்சு விடுகிறார் பாருங்கள், உழைத்த மனுஷன் ஒருத்தரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. அதுவும் ஒரு கணம்தான்.

இதே ஸ்கார்செஸிதான் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' எடுத்தவர். 1976 நவம்பர் 25, சான் பிரான்சிஸ்கோ, தி பேண்ட் என்ற ராக் குழுவின் விடைபெறும் கச்சேரி. எந்த வரிக்கு எந்த கேமரா என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் ப்ளூஸ் இசைப் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பாட வந்தபோது மற்ற கேமராக்களில் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸின் கேமரா ஒன்றுதான் ஓடியது. வெட்டிப் போக வேறு ஷாட்டே இல்லாததால் பாட்டு அந்த ஒரே பார்வையில் போகிறது. நின்ற இடத்தில் நின்றபடி அந்த மனுஷன் அரங்கத்தையே பிடித்து ஆட்டுகிறார். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்தப் பாட்டைத்தான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரை எடுத்ததே மட்டி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து. 'ஷைன் எ லைட்'டில் பட்டி கை என்ற ப்ளூஸ் கிதார் கலைஞர் விருந்தாளியாக வந்து பாடுவதும் மட்டி பாட்டுதான். அவர் முகத்தில் மட்டும் கேமரா அசையாமல் நிற்கிறது. பாட்டு முடிந்ததும் கீத் தன் கிதாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி எடுக்கத் தெரிந்தவர் மீதிப் படத்தை ஏன் அப்படி விட்டார்?

நியூயார்க் படத்துக்கு ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு ஏன் இவ்வளவு புலம்பல் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துத் திருவிழா வீடியோக்களிலும் நடப்பது இதேதான். போன முளைப்பாரிக்கு ட்ரோன் வந்தது, ஜிம்மி ஜிப் என்ற கிரேன் கேமரா வந்தது, எல்இடி திரையும் வைத்தார்கள். நாதஸ்வர செட்டில் தவில்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். வலது கை விரல்களில் மாட்டிய கூடு தோலில் பட்டுத் தெறிக்கிறது, இடது கைக் குச்சி அதற்குப் பதில் சொல்கிறது, பெருசுகள் தொடையில் தாளம் போடுகிறார்கள். வீடியோவில் அந்த நேரம் முழுக்கச் சீரியல் விளக்கு, நன்கொடையாளர் பேனர், மேலேயிருந்து கடற்கரை. சத்தம் மட்டும் கேட்கிறது, கையைக் காணோம். மிருதங்கத்தில் முருகபூபதி ராமநாதபுரம் என்ற பெயரைச் சபை சபையாகக் கொண்டுபோன மண் இது. அவர் தனி வாசித்ததை முழுசாகக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல படப்பதிவு கிடைக்காதா என்று இன்றைக்கும் ஏங்குகிறோம். கையில் இத்தனை கேமரா வந்த பிறகும் நம் காலத்து ஆட்களுக்கு அதே கதி வரலாமா?

விழாக் கமிட்டித் தம்பிகளே, ட்ரோன் பறக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரே ஒரு கேமராவை ஸ்டாண்டில் மாட்டித் தவில்காரர் கைக்கு நேராக வைத்துவிடுங்கள். அவர் முடித்துக் கும்பிடும் வரை யாரும் அதைத் தொட வேண்டாம். மெமரி கார்டு நான் வாங்கித் தருகிறேன்.