நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்!

நோயில் கிடக்கும் வயதானவரைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலருகே குனிந்து, தெருமுனை வரை கேட்கும்படி, "என்னையத் தெரியுதுங்களா? நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்!" என்று தேர்வு வைக்கும் வழக்கத்தை எந்தக் கட்சியாவது சட்டம் போட்டுத் தடுப்பதாகச் சொன்னால், அடுத்த தேர்தலில் என் வாக்கு அந்தக் கட்சிக்குத்தான். மரியாதை தெரிந்த மண் கொங்கு நாடு என்று நாம் மேடைதோறும் பெருமை பேசிக்கொள்கிறோம். அந்த மரியாதை கெடாமலேயே ஒரு மனுஷியை எவ்வளவு சிறுமைப்படுத்த முடியும் என்பதை, கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமன் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) உட்கார்ந்து சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அங்கே படுத்திருப்பவர் என் அம்முச்சி, அம்மாவைப் பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரை நோயும் உண்டு. நினைவு வந்து வந்து போகிறது. மருத்துவமனையில் இருந்தவரை என் ஏழு வயது மகளையும் நாலு வயது மகனையும் உள்ளே விடவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் திருப்பூரிலிருந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போய் வருகிறேன். யாருக்காவது சளியோ காய்ச்சலோ இருந்தால் அந்த வாரம் போவதில்லை. போனால் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்கிறேன். என் பிள்ளைகளால் அந்த வீட்டில் இதுவரை ஒரு தொல்லையும் வந்ததில்லை. தொல்லையெல்லாம் வெள்ளை வேட்டியிலும் பட்டுச் சேலையிலும் வருகிற பெரியவர்களால்தான் வருகிறது.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வருகிறவர் தன் முகத்தை அம்முச்சியின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் அந்தக் கேள்வியைக் கேட்பார். தன்னைச் சோதிக்கிறார்கள் என்பது அம்முச்சிக்கு நன்றாகத் தெரியும். கண்கள் அந்த முகத்தில் ஏதாவது அடையாளத்தைத் தேடும், உதடு அசையும், தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்வார், பெரும்பாலும் அது தவறாக இருக்கும். உடனே கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். "பாருங்க, என்னையவே மறந்துட்டாங்க" என்று வந்தவர் ஏதோ தனக்கு அநியாயம் நடந்துவிட்டதைப் போல அலுத்துக்கொள்வார். அது அடங்குவதற்குள் அவருடைய மனைவி, "செரி, என்னைய?" என்று அடுத்த வினாத்தாளை நீட்டுவார். பால் சொசைட்டிக் கணக்கையும் பங்காளி வீட்டுக் கொடுக்கல் வாங்கலையும் ஐம்பது ஆண்டுகள் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் மனதிலேயே வைத்திருந்த ஒருத்தி, தன் வீட்டுக் கட்டிலில், தன் பேரன் பேத்திகள் பார்த்துக்கொண்டிருக்க, மதிப்பெண் வாங்க முடியாமல் கூனிக் குறுக வேண்டியிருக்கிறது. மறதி நோய் உள்ளவர்களிடம் பேசத் தெரிந்த எந்தச் செவிலியரும் முதலில் சொல்லிக் கொடுப்பது, நம் பெயரையும் உறவையும் நாமே சொல்லிவிட வேண்டும் என்பதைத்தான். "உங்க ரெண்டாவது புள்ளையோட மக வந்திருக்கறனுங்க அம்முச்சி" என்று சொல்வதில் யாருடைய சொத்து குறைந்துவிடும்?

இதைவிட எரிச்சல் தருவது, அம்முச்சி கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை என்பது. ஆடி முடியும் சமயம் வந்த ஒவ்வொருவரிடமும் அவர், "வாய்க்கால்ல தண்ணி வுட்டுட்டாங்களா?" என்று கேட்டார். "என்னமோ உளர்றாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அது உளறலே இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது நீண்ட நாள் வழக்கம் என்பது பாசன நிலம் வைத்திருக்கும் அந்த உறவினர்கள் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும், கேட்டவர் படுக்கையில் கிடப்பவர் என்பதால் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் அம்முச்சிக்குத் தாவணி வயது. பெருந்துறைப் பக்கம் அவர் பிறந்த ஊரில் கம்பும் சோளமும் விளைந்த மேட்டுக்காட்டில் நெல் நாற்று நட்டதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அண்மையில் நடந்தது முதலில் அழிவதும் பழையது கடைசிவரை தங்குவதும் மறதி நோயின் இயல்பு. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில்லை. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையில் பூட்டிய காளைகளுக்கு என்ன பெயர், வடக்கயிறு அறுந்த அன்று அவருடைய அப்பா யாரைத் திட்டினார் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. என் மகள், "தண்ணி வுட்டுட்டாங்களாமா பெரிய அம்முச்சி, டிவியில காட்டினாங்க" என்று சொன்ன பிறகு அவர் பேசத் தொடங்கிய பேச்சு, மாமன் மனைவியான அத்தை மாத்திரையோடு வரும் வரை நிற்கவில்லை. கவலை என்றால் என்னவென்று தெரியாத அந்தக் குழந்தை, மாடு பின்னாலேயே எப்படி நடக்கும் என்று குறுக்குக் கேள்வி வேறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்க்கால் பேச்சு நடந்த அதே ஆசாரத்தில் அடுத்த கூட்டம் வந்து இறங்கியதும் என் குழந்தைகள் காட்சிப் பொருளாகிவிட்டார்கள். "போ சாமி, ஆயாவுக்கு முத்தம் குடு" என்று மகனின் பிடரியைப் பிடித்துத் தள்ளினார் ஒருவர். மருந்தும் டெட்டாலும் கலந்த வாசனைக்கும், பல் செட் கழற்றியதால் ஒடுங்கிப்போன முகத்துக்கும் அவன் தயங்கினான். அவனை ஒரு நாழிகை விட்டிருந்தால் தானாகவே கட்டிலின் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்திருப்பான், எப்போதும் அப்படித்தான் செய்கிறான். அதற்குள், "அட, ஆயாவைக் கண்டா பயமாமா!" என்று அம்முச்சியின் காதுபடவே ஊரைக் கூட்டிச் சிரிக்க வேண்டுமா? இன்னொருவர் அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பெரிய அம்முச்சி சாமிகிட்டப் போகப் போறாங்க, நல்லாப் பாத்துக்க கண்ணு" என்றார். "எப்போ?" என்று கேட்டான் அவன். நாலு வயதுக்காரன் கேட்டால் அது உண்மையான கேள்வி. அவர் விழித்தார். அன்றிரவு பேருந்தில் திருப்பூர் வந்து சேரும் வரை அந்த ‘எப்போ’வுக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு, படுத்திருப்பவர் ஏதோ மரக்கட்டை என்கிற நினைப்பில் நடக்கும் உரையாடல்களைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதில் தொடங்கி, அமாவாசையைத் தாண்டுவது கடினம் என்று ஒருவர் தீர்ப்பு சொல்ல, இறந்தவருக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடித் துணியை எடுத்துவர அண்ணன் தம்பி யாரும் இல்லையே, அண்ணன் மகன் கொண்டுவருவாரா, பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறதே என்று வேறொருவர் கவலைப்பட, காபி டம்ளர் காலியாகும் வரை இந்த ஆராய்ச்சி நீள்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் காது கேட்கவில்லை என்று யார் இவர்களுக்குச் சொன்னது? கோடிப் பேச்சு நடந்த அன்று அம்முச்சி கண் திறக்காமலேயே, "அவன் வருவான்" என்றார். கேட்டவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்களே தவிர, ஒருவராவது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

அடுத்தது கைப்பேசி. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு முகத்தைக் காட்டுவது வேறு, அதில் எனக்கு மறுப்பில்லை. அவன் அழைப்பான் என்று தெரிந்தால் அத்தை தலை வாரி, நெற்றியில் திருநீறு இட்டு வைக்கிறார். வந்தவர்கள் கேட்காமல் கொள்ளாமல் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதைத்தான் சொல்கிறேன். பால்காரர் வாசலில் நின்றால்கூட மாராப்பைச் சரிசெய்துகொண்டுதான் எழுந்து போவார் அம்முச்சி. இப்போது படுக்கைக்கு வசதியாக நைட்டி போட்டிருக்கிறோம். கைப்பேசி உயர்ந்ததும் அவருடைய வலது கை தானாகத் தோள்பட்டைக்குப் போய், அங்கே இல்லாத முந்தானையை இழுத்துவிடப் பார்த்தது. படம் எடுத்தவர் அதைத் திரையில் பார்த்துக்கொண்டே, "டாட்டா சொல்லுங்க, டாட்டா சொல்லுங்க" என்றார். நான் எழுந்து போய்க் கைப்பேசிக்கு முன்னால் நின்றேன். அதற்காக எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்திருக்கிறது, வரட்டும்.

உயிருக்கே ஆபத்தான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசைகள் தளர்ந்துவிடுவது உண்டு. கெட்டியான கூழைவிடத் தண்ணீர், காபி, இளநீர் போன்றவைதான் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதனால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும். ஆகவேதான் தலையணை வைத்து நேராக உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் கொடுத்து, கொடுத்த பிறகும் அரைமணி நேரம் சாய்க்காமல் வைத்திருக்கிறார் அத்தை. இதெல்லாம் எதையும் கேட்டுக்கொள்ளாமல், "எங்க தோட்டத்து எளநீ, குடிச்சா தெம்பு வரும்" என்று மல்லாந்து படுத்திருந்தவரின் வாயில் டம்ளரைச் சாய்த்துவிட்டார் ஓர் உறவினர். புரையேறி முகம் கறுத்து அம்முச்சி திணறியதைப் பார்த்து என் மகள் அலறினாள். அத்தை ஓடிவந்து புரட்டி முதுகைத் தட்டி ஒருவழியாக மீட்டெடுத்த பிறகு அந்த உறவினர் சொன்னது: "கொழந்தைகளை எதுக்கு இங்கெல்லாம் கூட்டிட்டு வர்றீங்க? பயந்துக்கும்ல!" பயமுறுத்தியது யார் என்று கேட்க வாயெடுத்தேன், அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு போதாது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார், இரவும் சேர்த்து. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வரும் பெண் சொல்லிக்கொடுத்தபடி கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீடு தேடி வருகிற அவராவது அத்தையிடம், "நீங்க தூங்குனீங்களா?" என்று கேட்கிறார். சொந்தக்காரர்கள் கேட்பது, "காபியில சக்கரை கொஞ்சம் கம்மியோ?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அத்தை அடுப்பை விட்டு நகரவே முடியாமல், அம்முச்சியைப் புரட்டுவதற்கு என்னை அனுப்பிவிட்டு மூன்றாவது பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு துணியைக்கூட அலசித் தராதவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று, "நல்லாப் பாத்துக்க சாமி, புண்ணியம்" என்று ஆசி வழங்கிவிட்டுப் போகிறார்கள். கிடா விருந்துக்கு வேன் பிடித்து வந்தவர்கள் வழியில் இறங்கி, வந்த கடமைக்கு ஒரு தலையைக் காட்டிவிட்டுப் போகும் கூத்தும் நடக்கிறது.

என் பிள்ளைகளை அழைத்துவரக் கூடாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைக் காட்டி, "அது ஜூஸா?" என்று மகன் கேட்டபோது அங்கிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் "உஷ்" என்றார்கள். அத்தை மட்டும், "பெரிய அம்முச்சியால எந்திரிச்சு பாத்ரூம் போக முடியாதுல்ல சாமி, அதனால குழாய் வழியா பைக்கே வந்துருது" என்றார். அவன் "ஓ" என்று கேட்டுக்கொண்டு பொம்மை லாரியை ஓட்டப் போய்விட்டான். அன்றிலிருந்து பை நிரம்பினால் ஓடிப்போய்ச் சொல்வது அவன் வேலை. மகள் தேங்காய் எண்ணெய் தடவிச் சீப்பால் மெல்ல வாரிவிடுகிறாள், அம்முச்சி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் மேல" என்கிறார். யார் எவர் என்று இருவருக்கும் தேர்வு கிடையாது. சில நாட்களில் அம்முச்சி அவளை என் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவளும் "ஏனுங்க" என்று வந்து நிற்கிறாள். வேடிக்கை பார்க்க வந்த பெரியவர்கள் இருக்கும் நேரம் மட்டும் இரண்டு குழந்தைகளும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

வர வேண்டாம் என்று நான் யாரையும் சொல்லவில்லை. வராமலே போய்விட்ட உறவுகளையும் அம்முச்சி தேடுகிறார். வருவதற்கு முன் அத்தைக்கு ஒரு போன் செய்யுங்கள். கட்டிலருகே வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மஞ்சள் என்ன விலை போகிறது, மழை எந்தப் பக்கம் பெய்தது என்று பேசுங்கள். கோடிக் கணக்கைப் போகும் வழியில் காரில் பேசிக்கொள்ளுங்கள். காபி கேட்காதீர்கள். சர்க்கரை நோய்க்காரருக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கியது போதும், அலமாரியில் இடமில்லை. அவற்றை வீட்டில் யாரும் குடிப்பதும் இல்லை. வெறுங்கையோடு வரக் கூச்சமாக இருந்தால் பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள். அளவு எல். கோபி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது.